வரைபடம் காட்டிய அறப்பளீசுவரர்

ஆடிப்பெருக்கு நெருங்கினாலே கொல்லிமலைக்குப் புறப்படும் குடும்பங்களின் எண்ணிக்கை பெருகிவிடும். பெரியகோவிலூரில் எழுந்தருளியுள்ள அறப்பளீசுவரரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசிப்போர் ஒருபுறம். எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துகொண்டோர் ஒருபுறம். மாசி பெரியண்ணசுவாமியைக் குலதெய்வமாகக் கொண்டு பொங்கல் வைக்கச் செல்வோர் இன்னொருபுறம். முன்பெல்லாம் பேருந்தை நம்பிச் சென்றவர்கள், இப்போது வேன் அமர்த்திக்கொண்டு, அடுப்பும் பாத்திரமும் பாயும் தலையணையுமாகக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். மேல்நாடுகளில் இதற்கென்றே படுக்கையும் சமையலறையும் அமைந்த ஊர்திகள் உண்டு. நம் பக்கத்தில் திரைப்பட நடிகர்களால் அறிமுகமான ‘கேரவன்’ அவ்வகையைச் சேர்ந்ததே. கேரள அரசு 2021 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. வண்டி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: வழியை எதைக்கொண்டு அறிவது?

இதை நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த சகோதரி, காலஞ்சென்ற தம் கணவரின் பெயரால் அறப்பளீசுவரருக்குப் பாலாபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. ஸ்ரீரங்கத்தில் தரிசனம் முடித்து, துறையூர் வழியாக மலைக்குச் செல்வதென்று ஏற்பாடு. வேனில் பதினொரு பேர். வழிகாட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அலைபேசியில் கோயிலின் பெயரைத் தேடினேன். நாமக்கல் பக்கம் சுற்றிப் போக வேண்டியிராமல், துறையூரிலிருந்தே குறைந்த தொலைவில் ஒரு வழி தெரிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இல்லை. மகிழ்ந்துபோய் ஓட்டுநரிடம் அவ்வழியே போகச் சொன்னேன். சாலை புளியஞ்சோலையில் முடிந்தது. எதிரே ஓடையும், அதன்பின் அடர்ந்த காடும், அதற்கும் மேலே செங்குத்தாக மலையும் நின்றன. அங்கிருந்த கடைக்காரர் எங்கள் வேனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோயிலுக்கா? இந்தப் பக்கம் வண்டிப் பாதை கிடையாதுங்க. நடந்துதான் ஏறணும்” என்றார்.

அலைபேசியை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. முதல் நாள் ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்து செல்வதற்காக அமைத்திருந்த நடைவழித் தேர்வை நான் மாற்றவேயில்லை. கிலோமீட்டரைப் பார்த்தேன், அதன் அருகிலிருந்த மணிக்கணக்கைப் பார்க்கவில்லை. நடக்கும் மனிதனின் சிறிய உருவம் திரையில் இருந்தது. அதுவும் கண்ணில் படவில்லை. காசோலையில் தொகையைப் பார்த்துத் தேதியைப் பாராமல் விடும் இளநிலை எழுத்தர்களை எத்தனையோ முறை கடிந்துகொண்டவன் நான்.

மலையைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போய் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று ஓட்டுநர் கூறிவிட்டார். ஆகாயகங்கையாக மேலே விழும் அய்யாறுதான் புளியஞ்சோலையிலும் ஓடுகிறது. அக்கா அந்த நீரில் முகம் கழுவி, மலையை நோக்கிக் கைகூப்பினார். “இந்த வருஷம் அவர் கூப்பிடலை போலிருக்கு, தம்பி” என்றார். அழைக்கத் தவறியவர் இறைவன் அல்லர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு அக்காவின் முழங்கால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை.

அதன்பின் இந்தக் கருவிகளைக் கொஞ்சம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வழிகாட்டிச் செயலி தொலைவையும் நேரத்தையும் கணக்கிடுகிறதே தவிர, நாம் எந்த வண்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் அறியாது. நாம் எல்லோரும் பயன்படுத்தும் கூகுள் மேப்ஸில் கார், இருசக்கர வாகனம், நடை என்ற பிரிவுகள் உண்டு. பன்னிரண்டு பேர் அமரும் வேனுக்கு நீள அகலம் குறிப்பிட இடமில்லை. குறுகலான சாலைகளைத் தவிர்க்கும் வசதியை 2024 இல் இந்தியாவில் அறிமுகம் செய்தபோதும், சென்னை, கோவை உள்ளிட்ட 8 நகரங்களில்தான் தொடங்கினார்கள். மலைச்சாலை அந்தக் கணக்கில் வரவில்லை. அதே 2024 ஜனவரியில் கூடலூரில் வரைபடத்தை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அது சிரித்து மறக்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முற்றுப்பெறாத பாலத்திலிருந்து கார் ஆற்றுப்படுகையில் விழுந்து மூவர் உயிரிழந்தது அப்படியன்று.

வண்டியின் உயரம், எடை முதலியவற்றைக் குறித்து வழி கேட்கும் செயலிகளும் உண்டு. ‘ஆஸ்ம்அண்ட்’ என்பது அவற்றுள் ஒன்று. 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டு, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது வரைபடமே அதற்கு அடிப்படை. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு சாலையின் அகலத்தையோ எடை வரம்பையோ யாராவது குறித்து வைத்திருந்தால்தான் செயலி எச்சரிக்கும். யாரும் குறிக்கவில்லையென்றால் அது மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது.

மலைமேல் அலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் இருப்பிடத்தைச் சொல்வது செயற்கைக்கோளே ஆதலால், சமிக்ஞை போனாலும் திரையில் நம்மைக் குறிக்கும் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். காணாமற்போவது அடியிலுள்ள வரைபடந்தான். ஆகவே நாமக்கல் மாவட்டம் முழுமைக்குமான வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்வது நல்லது. இதைப் பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

தேடும் பெயரிலும் கவனம் வேண்டும். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்தைப் பாராயணம் செய்வோர் இம்மலையைச் சதுரகிரி என்றே அறிவர். அப்பெயரை இட்டுத் தேடினால், வரைபடம் உங்களை விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள சுந்தரமகாலிங்கம் சந்நிதிக்கு அழைத்துச் சென்றுவிடும். வெறுமனே ‘கொல்லிமலை’ என்றால் மலையில் எங்கோ ஓரிடத்தில் புள்ளி விழும். ‘பெரியகோவிலூர்’, ‘செம்மேடு’ என்று ஊர்ப்பெயரை இட்டுத் தேடுவதே சரி. கோயில் இருக்கும் புள்ளியும் வண்டி நிற்கும் இடமும் வேறு வேறு என்பதையும் மறக்கலாகாது. மாசி பெரியண்ணசுவாமி சந்நிதிக்கு நடந்தே ஏற வேண்டும். ஆகாயகங்கைக்கோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முதியோரை எங்கே அமர்த்துவது என்பதை எந்தச் செயலியும் கூறாது.

சாலையைப் பொறுத்தவரை, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்து, எழுபது வளைவுகள் ஏறிச் சோளக்காடு சேர்வது பலரும் அறிந்த வழி. முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் சாலையும் உண்டு. எது நம் வண்டிக்கு ஏற்றது என்பது சக்கரங்களுக்கிடையே உள்ள நீளத்தைப் பொறுத்தது. வண்டி நீள நீள, திரும்பும்போது பின்சக்கரம் வளைவின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு போகும். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெளிப்புறச் சுவரை நோக்கி வீசும். ஊர்ப் பேருந்து ஏறுகிறதே என்று துணியக் கூடாது. அதன் ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் வீட்டு வாசற்படி போல. வாடகை வண்டி பேசும்போதே, “இந்த மலையில் இதே வண்டியை ஓட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்டுவிடுவது எந்தச் செயலியையும் விட மேலானது. செயலி காட்டும் நேரத்தோடு பாதியளவு கூட்டிக்கொள்வது என் வழக்கம். அது பலருடைய அலைபேசிகள் நகரும் வேகத்தைக் கொண்டு கணக்கிடுகிறது; பாட்டிக்குத் தலைசுற்றி இடையில் இருமுறை வண்டியை நிறுத்துவதை அறியாது.

மறு ஆண்டு தை மாதத்தில் புறப்பட்டோம். இரண்டு அலைபேசிகளில் இரண்டு வகை வரைபடங்கள். அவற்றோடு என் கையெழுத்தில் ஒரு தாள். எந்த ஊரில் திரும்ப வேண்டும், எங்கே டீசல் நிரப்ப வேண்டும், எத்தனை மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. கோயில் நடைதிறக்கும் நேரத்தை முன்னரே தொலைபேசியில் கேட்டுக் குறித்திருந்தேன். மலைமேல் ஒரு பிரிவில் இரு வரைபடங்களும் இருவேறு வழி காட்டின. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தலையில் விறகுடன் வந்த ஓர் அம்மாளிடம் கேட்டார். அவர் மோவாயால் இடப்பக்கம் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். அதுவே சரியான வழி.

தேவார வைப்புத்தலமான அச்சந்நிதியில், அறுத்த மீன் மீண்டும் பொருந்தி ஆற்றில் நீந்திச் சென்ற தல வரலாற்றை அர்ச்சகர் கூற, அக்கா கண்களை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாலாபிஷேகம் குறைவின்றி நடந்தது. அத்திம்பேரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்யும்போது அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினார். ஏறிவரும் வண்டிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒதுங்கி வழிவிட்டார். காரவள்ளி வந்ததும் அக்கா, “எழுபதுன்னு சொன்னே, நான் அறுபத்தெட்டுதான் எண்ணினேன்” என்றார். நடுவில் சற்றுக் கண்ணயர்ந்திருக்கிறார்.