வார லீவு இருந்தும் பன்னிரண்டு நாள் தொடர் வேலை

“இந்த ஞாயித்துக்கிழமை வந்துடுங்கப்பா, ஷிப்மென்ட் நிக்குது. லீவை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.” திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய பேச்சு. அடுத்த வாரம் என்றால் எந்தக் கிழமை? வம்பே அங்கேதான்.

வாரம் ஒரு நாள் விடுமுறை என்றால் ஆறு நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கு அப்படி வராது. 1ஆம் தேதி ஞாயிறு லீவு, அடுத்த வாரத்து லீவு 14ஆம் தேதி சனிக்கிழமை. வாரத்துக்கு ஒன்று கொடுத்தாயிற்று; நடுவில் 12 நாள் ஓய்வில்லை. போர்ச்சுகலில் ஒரு கேசினோ ஊழியர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்று அதன் நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஜப்பானில் நான்கு வாரத்துக்கு நான்கு நாள் என்று சேர்த்துக் கொடுக்கவும் வழி உண்டு. முதல் நான்கு வாரத்தின் தொடக்கத்திலும் அடுத்த நான்கு வாரத்தின் கடைசியிலும் அந்த நாட்களை வைத்தால், இடையில் 48 நாள்!

நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்த ஓட்டையை அப்போதே அடைத்திருந்தது. அதன் 52ஆவது பிரிவின்படி ஞாயிறு வேலைக்குப் பதில் விடுமுறையை முந்தைய மூன்று நாட்களிலோ பிந்தைய மூன்று நாட்களிலோ கொடுக்க வேண்டும். ஆய்வாளருக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும், ஆலையிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். எப்படி மாற்றினாலும் தொடர் வேலை 10 நாளைத் தாண்டக் கூடாது. 1ஆம் தேதி ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையும், 8ஆம் தேதி ஞாயிறுக்குப் பதில் 11ஆம் தேதி புதனும் லீவு என்றால் சரியாகப் பத்து நாள். சனிக்கு முந்தின வெள்ளியன்றே லீவு கொடுத்திருந்தால் பதினொன்று. அது சட்ட மீறல். அந்தக் காலத்தில் சட்டம் எழுதியவர்கள் கேலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

அதே சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி.

2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் பழையபடியே தொடர்கிறது. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்பது புதிது. ஆனால் பத்து நாள் வரம்பு, சட்டப் பிரிவிலேயே எழுதப்பட்டிருப்பது மோட்டார் போக்குவரத்துக்கு மட்டும்தான். மற்ற தொழில்களுக்கு அரசுகள் வகுக்கும் விதிகளைத்தான் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகச் சட்டத்திலேயே வைத்திருக்கலாம். விதியைத் திருத்துவது சட்டத்தைத் திருத்துவதைவிடச் சுலபம்.

அரசு விலக்கு அளித்ததால் வார விடுமுறையை இழந்தவருக்கு, அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ அத்தனை நாட்களையும் ஈடுகட்டித் தர வேண்டும். எந்தெந்த ஞாயிறு வேலைக்குப் போனோம் என்று தேதியோடு சொந்தமாக ஒரு குறிப்பு வைத்திருந்தால், கேட்கும்போது கம்பெனியின் வருகைப் பதிவேட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.