தரை தொட்டும் தொடாமலும்

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிய வேளை. மும்பையிலிருந்து வந்த ஏர்பஸ் ஒன்று சென்னையில் இறங்கப் பார்த்தது. ஈர ஓடுபாதைக்குச் சற்று மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடி, சட்டென்று மறுபடி மேலே ஏறிவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கே அடிவயிறு கலங்கியது. உள்ளே இருந்தவர்களைக் கேட்கவா வேண்டும்?

இப்படி இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது விமானிகளுக்கு ‘கோ அரவுண்ட்’. பயிற்சியில் பலமுறை செய்து பழகியதுதான்.

பார்க்கப் பயமூட்டும் வேறு சிலவும் அப்படித்தான். பக்கக் காற்றில் விமானம் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, நண்டுபோலக் கோணலாகவே இறங்கும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில்தான் நேராகும். ஈரத் தரையில் ‘தொப்’பென்று இறக்குவதும் தெரிந்தே செய்வதுதான்: அப்போதுதான் சக்கரம் தண்ணீரில் வழுக்காமல் பிடிக்கும். பூப்போல இறக்கினால் கைதட்டலாம், பிரேக் பிடிக்க வேண்டாமா?

புயலால் அன்று மூடப்பட்ட சென்னை விமான நிலையம் நள்ளிரவு தாண்டித்தான் மீண்டும் இயங்கியது.