விற்பதற்கு முன் வாடகைக்குப் போங்கள்

மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் எண்பதுகளில் கட்டிய தனி வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது இரண்டே பேர். மூட்டு வலியில் மாடிப் பக்கமே போவதில்லை. தொட்டி கழுவ ஆள் கிடைப்பதில்லை. ‘வித்துட்டு சின்னதா ஒரு ஃபிளாட் வாங்கிக்குங்கப்பா’ என்று வெளிநாட்டிலிருந்து மகன் சொல்கிறார். ‘பார்ட்டி ரெடியா இருக்கு சார்’ என்று புரோக்கர் வாசலில் நிற்கிறார். 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆகவே இந்தப் பேச்சு இனி தெருவுக்குத் தெரு நடக்கும்.

பெரும்பாலானோர் முதலில் விற்கிறார்கள், அடுத்து அவசரமாக வாங்குகிறார்கள், வாழ்ந்து பார்ப்பது கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வீட்டைப் பூட்டி வையுங்கள், அல்லது வாடகைக்கு விடுங்கள். போக நினைக்கும் பகுதியில், முடிந்தால் அதே குடியிருப்பில், ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள்.

அங்கே இருந்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, இல்லை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் நோயாளியை இறக்க வேண்டுமா? மின்தடை வந்தால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, பொது விளக்கு மட்டும்தானா? கோடையில் லாரித் தண்ணீர் எவ்வளவு வாங்குகிறார்கள்? குளியலறை வாசலில் தடுக்கும் படி இருக்கிறதா? மத்தியானம் கூப்பிட்டால் ஆட்டோ வருமா? மாடல் ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டும் விற்பனைப் பிரதிநிதி இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார். முக்கியமாக, பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா என்பது. நாற்பது வருடம் ஒரே தெருவில் இருந்தவருக்குப் பால்காரரும் மருந்துக்கடைக்காரரும்கூட உறவுதான்.

பிடிக்காவிட்டால் நஷ்டம் ஆறு மாத வாடகை. வாங்கிவிட்டுப் பிடிக்காமல் போனால்? தமிழ்நாட்டில் பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். அது திரும்பி வராத பணம். போதாக்குறைக்கு, பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வாங்கியிருந்தால், புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் அந்தச் சலுகையும் போய்விடும்.

வரிச் சட்டமே நிதானத்துக்கு இடம் தருகிறது. வீட்டை விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்க இரண்டு வருடம், கட்ட மூன்று வருடம் அவகாசம். அதுவரை பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கலாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் போட வேண்டும். வாங்கும் வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். மகனோடு சேர்ந்து நியூ ஜெர்சியில் வாங்கினால் செல்லாது.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை விற்ற லாபத்துக்கான வரிக்கு இரண்டு கணக்கு போட்டுப் பார்க்கலாம்: பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம், கழித்து 20 சதவீதம். 2001-க்கு முந்தைய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரைக் கோடிக்கு 2025-26இல் விற்றதாக வையுங்கள். 2001 மதிப்பு 20 லட்சம் என்றால் 20 சதவீதக் கணக்கில் வரி சுமார் 15 லட்சம், 12.5 சதவீதத்தில் 16.25 லட்சம். அந்த மதிப்பு 15 லட்சம்தான் என்றால் நிலைமை தலைகீழ்: 18.7 லட்சத்துக்கு எதிராக 16.9 லட்சம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டி இந்த 2001 மதிப்பைக் காட்ட முடியாது. ஆகவே விலை பேசும் முன்பே மதிப்பீட்டாளரையும் ஆடிட்டரையும் பார்த்துவிடுவது நல்லது.

சின்ன வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கையில் மிச்சம் நிற்கும். லாபத்தில் புது வீட்டுக்குப் போகாத பகுதிக்கு வரி உண்டு. ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் போட்டால் தப்பலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. ‘பாதி பிளாக்ல வாங்கிக்குங்க’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட முடியும்.

கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. சாப்பாடு, நர்ஸ், கோயில் எல்லாம் உள்ளேயே. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பத்திரத்தைப் படியுங்கள். சில இடங்களில் கிரயம் கிடையாது. டெபாசிட் கட்டி, ஆயுள் உள்ளவரை தங்கும் உரிமை மட்டும். அது வீடு வாங்கியதாகக் கணக்கில் வராது, வரிவிலக்கும் கிடைக்காது. ஒருவர் காலமானால் மற்றவர் தொடரலாமா, டெபாசிட்டில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், மாத மெயின்டனன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு ஏறும் - மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சென்னையில் இன்னொரு வழி, மனையை பில்டரிடம் கொடுத்து அங்கேயே ஒரு ஃபிளாட்டைத் திரும்ப வாங்குவது. தெருவை விட்டுப் போக வேண்டாம் என்பதால் எனக்கு இது பிடித்த வழி. ஆனால் எழுபத்தெட்டு வயதில், முடியும் தேதி தெரியாத கட்டுமானத்துக்காக வாடகை வீட்டில் காத்திருப்பது லேசான காரியமில்லை. பவர் பத்திரத்தில் பில்டரின் பங்குக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். தாமதமானால் வாடகையை அவரே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிப் பதியுங்கள்.

இத்தகைய வீட்டை வாங்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்தால் மட்டும் போதாது. வீடு உயில் எழுதாமல் காலமான கணவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் மகன் என்றால் அவர் பங்குக்கு விதி வேறு, பிடித்தமும் கூடுதல்.

கடைசியாக, புது ஃபிளாட் யார் பெயரில்? குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000 என்பதால் ‘இப்பவே எழுதிடலாமே’ என்பார்கள். நிபந்தனையின்றி எழுதிக் கொடுத்ததை உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் அதைத் தாராளமாகவே பொருள் கொண்டது. இருந்தாலும் உச்ச நீதிமன்றம் வரை அலைய யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஃபிளாட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கி, ஆளுக்கொரு உயில் எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. மனம் மாறினால் அடுத்த மாதமே வேறு எழுதலாம்.