திரும்பி வந்த மின்னஞ்சல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றப்பட்டது. செய்தி கிடைத்தது திங்கள் மாலை. நாற்பது மாணவர்களின் முகவரிகளையும் 'இறுதியாண்டு' என்ற ஒரே பெயரின்கீழ்ப் பட்டியலாக வைத்திருந்தேன். அந்தப் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். சில நொடிகளில் ஒரு பிழை அறிக்கை திரும்பி வந்தது. மறுநாள் காலையில் இன்னொன்று வந்தது. புதனன்று ஒரு மாணவி தேர்வுக்கே வரவில்லை. நடந்தது என்ன?

பட்டியல் என்பது ஒரு சுருக்கப் பெயரே. அனுப்பும்போது அது நாற்பது முகவரிகளாக விரிகிறது. எனவே ஒருவருக்குச் சேராமற் போனால் மற்றவர்களுக்கும் சேரவில்லை என்று பொருளல்ல. முகவரியில் '@' குறிக்கு இடப்பக்கம் இருப்பது அஞ்சற்பெட்டியின் பெயர். வலப்பக்கம் இருப்பது அப்பெட்டியைக் காக்கும் அமைப்பின் பெயர். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இக்குறியைத் தேர்ந்தெடுத்தார்.

நம் பக்கத்து அஞ்சல் கணிப்பொறி, பெறுபவர் பக்கத்துக் கணிப்பொறியை அழைத்து, "இவருக்கு மடல் உள்ளது, ஏற்றுக்கொள்வாயா?" என்று கேட்கிறது. விடை மூன்று இலக்க எண்ணாக வரும். இம்முறையை 1982-இல் ஜோனதன் போஸ்டல் வகுத்து வெளியிட்டார். முதல் இலக்கம் 2 எனில் ஏற்பு. 4 எனில் தற்காலிகத் தடை. 5 எனில் நிரந்தர மறுப்பு.

எனக்கு வந்த முதல் அறிக்கையில் 550 என்றிருந்தது. அதனுடன் 5.1.1 என்ற விளக்க எண்ணும் இருந்தது. 'அப்படியோர் அஞ்சற்பெட்டி இங்கில்லை' என்பது இதன் பொருள். அந்த மாணவனின் புதிய முகவரியை முகவரிப் புத்தகத்தில் எப்போதோ திருத்தியிருந்தேன். ஆனால் பட்டியலுக்குள் பழைய படியே கிடந்தது! அதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்து, அவனுக்கு மட்டும் தனியே அனுப்பினேன். சேர்ந்தது.

இரண்டாவது, 452 என்ற எண். பெட்டி நிரம்பி வழிகிறது. இது தற்காலிகத் தடை. ஆகவே அனுப்பும் கணிப்பொறி உடனே கைவிடாமல் விட்டுவிட்டு முயலும். நான்கைந்து நாட்கள் வரை முயல்வது வழக்கம். ஆனால் தேர்வோ மறுநாள்! தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

வராத மாணவியைப் பற்றி எந்த அறிக்கையும் இல்லை. காரணம் என்ன? அவள் முகவரியில் இரண்டு எழுத்துகளை நான் இடம் மாற்றி எழுதியிருந்தேன். தற்செயலாக அப்பெயரிலும் யாரோ ஒருவருக்கு அஞ்சற்பெட்டி இருந்தது. கணிப்பொறி '250, சரி' என்று மடலை ஏற்றுக்கொண்டது. மடல் பிழையின்றிச் சேர்ந்தது, ஆனால் வேறொருவரிடம்!

மாணவர்களே, கால்வனாமீட்டரின் முள் அசையாததால் மட்டும் மின்னோட்டம் இல்லை என்று முடிவு செய்வீர்களா? கருவியே பழுதாகி இருக்கலாம் அல்லவா? அதுபோலப் பிழை அறிக்கை வராததும் மடல் உரியவரிடம் சேர்ந்ததற்குச் சான்றாகாது. சேர்ந்தது என்பதற்கு உரியவரின் பதிலே சான்று.

உங்கள் அறிவியல் மன்றத்துக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ இத்தகைய பட்டியல் வைத்திருந்தால், மடல் திரும்பி வரும்போது அறிக்கையை அழித்துவிடாதீர்கள். முதலில் எண்ணைப் படியுங்கள். எந்த முகவரி என்று பாருங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் தனியே அனுப்பிச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஆய்வுக்கூடத்திலும் நாம் கையாளும் முறை.

அந்த மாணவி அடுத்த தொகுதியினருடன் தேர்வு எழுதினாள். அன்று முதல் முக்கியமான அறிவிப்பு எதுவானாலும் கடைசி வரியில், 'கிடைத்ததும் ஒரு சொல் பதில் எழுதுக' என்று சேர்க்கிறேன். பதில்களை எண்ணிப் பார்க்கிறேன். நாற்பதும் வந்த பிறகே நிம்மதி!