தவறிய தவணையும் மீளும் நாணயமும்

கடனுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று உண்டானதன்று. கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே நம் முன்னோர் கடன்பட்டவர்களாகத்தான் இந்நாட்டுக் கரையிலே கால் வைத்தனர். வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் பேரில் பற்றாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்வதாயின் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துச் செல்வர். கடன் தீராது, கைமாறும். 1921ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும், ஒருவர் பட்ட கடனின் வரலாறு அவருக்கு முன்னே சென்று அடுத்த வாசலில் காத்து நிற்கும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. இன்று அது வேறு உருவத்தில் இருக்கின்றது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தையே நாம் குறிப்பிடுகின்றோம். ‘கிறிப்’ என்றால் ஹட்டன் கடைவீதியிலும் நுவரெலியாச் சந்தையிலும் தெரியாதவர் இலர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தம்மிடம் கடன் பெற்றோரின் விவரங்களை இப்பணியகத்துக்கு அனுப்புகின்றன. புதிய கடன் கேட்டு ஒருவர் வரும்போது அவருடைய அறிக்கையைப் பெற்றுப் பார்க்கின்றன.

நம் மாணவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். இந்நாட்டில் அரச பல்கலைக்கழகக் கல்வி இலவசம். 1981ஆம் ஆண்டிலே சட்டத்தின்மூலம் நிதியம் பெற்ற மகாபொல உதவிப்பணம் திருப்பிக் கட்ட வேண்டாத ஒன்று. ஆகவே பல்கலைக்கழகம் புகுந்தவருக்குக் கடன் சுமை குறைவு. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் இடம் கிடையாதவர் நிலையோ வேறு. இத்தகையோர் அரசு சாராத உயர்கல்வி நிலையங்களிலே பட்டம் படிப்பதற்காக 2017ஆம் ஆண்டில் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. வட்டியை அரசு ஏற்கும்; முதலை மாணவர் திருப்பிக் கட்டவேண்டும். இதுவன்றி, பிள்ளையின் படிப்புக்காக வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் சொந்தப் பேரில் கடன் பெறும் பெற்றோரும் உளர். வட்டி இல்லை என்பதால் அது கடன் அல்ல என்று ஆகிவிடாது. தவணை தவறினால் எல்லாக் கடனும் ஒன்றே.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய் கொழுந்து பறிக்கின்றார். மகள் கடன் பெற்றுப் படித்துப் பட்டமும் பெற்றுவிட்டாள். வேலை கிடைக்கத் தாமதமாயிற்று. மாதத் தவணை 8,000 ரூபாய். ஐந்து மாதம் கட்டவில்லை. நிலுவை 40,000 ரூபாய். 2024ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலியைக் கொண்டு கணக்கிட்டால், இது ஏறக்குறைய முப்பது நாட்கூலிக்குச் சமம். கடனுக்குப் பிணை நின்றவர் தந்தை. இந்நிலையில் மூத்த மகன் முச்சக்கர வண்டி வாங்க நிதிக் கம்பனியை நாடுகின்றான். தந்தையைப் பிணையாளியாகக் காட்டுகின்றான். கம்பனியார் தந்தையின் அறிக்கையைப் பார்க்கின்றனர். மகளின் தவறிய தவணை அங்கே நிற்கின்றது! பிணை நின்ற கடனும் பிணையாளியின் அறிக்கையிலே இடம்பெறும் என்பதை நம்மவருட் பலர் அறியார். ஒருத்தியின் தாமதம் மூவரின் வாழ்வைத் தடுத்து நிறுத்துவது இவ்வாறுதான்.

சரி, தவறிய கடனைச் சீர்செய்தால் அறிக்கையிலே என்ன மாற்றம் உண்டாகும்? வழிகள் நான்கு, ஒவ்வொன்றும் விட்டுச் செல்லும் தடமும் வேறு வேறு.

முதலாவது, நிலுவை முழுவதையும் கட்டிக் கடனை ஒழுங்குக்குக் கொண்டுவருதல். இதுவே சாலச் சிறந்தது. நிலுவை என்ற இடத்தில் அன்றுமுதல் ஒன்றும் இராது. ஆனால் முன்பு தவறிய மாதங்கள் உடனே அழிந்துவிடமாட்டா. அறிக்கை என்பது மாதந்தோறும் எழுதப்படும் வரலாறு. ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர, பழைய தவறு பின்னுக்குத் தள்ளப்படும்.

இரண்டாவது, வங்கியுடன் பேசித் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கொள்ளுதல். இதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று பெயர். மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வட்டியுள்ள கடனாயின், காலம் நீள நீளக் கட்டும் மொத்தத் தொகை கூடும். மேலும், புதிய ஏற்பாட்டில் கையொப்பமிட்ட மறுநாளே வங்கி அக்கடனை நல்ல கடனாகக் கருதிவிடாது. சில காலம் ஒழுங்காகக் கட்டிக் காட்டவேண்டும். இவ்வேற்பாட்டிலும் தவறினால் நிலைமை முன்னிலும் மோசமாகும். ஆகவே, கட்டக்கூடிய தொகைக்கு மட்டுமே இணங்குதல் வேண்டும்.

மூன்றாவது, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, மீதியை ஒரே தொகையாகக் கட்டித் தீர்த்தல். கடன் முடிந்துவிடும், எனினும் முழுவதும் கட்டி முடித்தவருக்குள்ள மதிப்பு இவருக்கு இராது. இந்தியாவிலே 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனத்தின் அறிக்கைகளில், முழுவதும் கட்டி முடிந்த கடனையும் குறைத்துத் தீர்த்த கடனையும் வெவ்வேறு சொற்களாலேயே குறிப்பிடுகின்றனர்.

நான்காவது, வங்கி தானே கடனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுதல். இதைக் கேட்டு மகிழ்வோர் உண்டு. வங்கி தன் ஏட்டிலே நட்டமென்று எழுதிக்கொண்டது என்பதே இதன் பொருள்; கடனை மன்னித்துவிட்டது என்பதன்று. வசூலிக்கும் உரிமை வங்கிக்கு இருந்துகொண்டே இருக்கும். அறிக்கையிலே இதைவிடப் பெரிய வடு வேறில்லை.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு வழக்கமொன்றை அறிந்துகொள்வது பயன் தரும். அங்கே அரசாங்க மாணவர் கடன் பொதுவாக 270 நாட்கள் கட்டப்படாவிட்டால் ‘தவறிய கடன்’ ஆகின்றது. அதை மீட்க ஒரு தனி ஏற்பாடு உண்டு. தொடர்ச்சியான பத்து மாதங்களுள் ஒன்பது தவணைகளை உரிய காலத்திலே கட்டினால், ‘தவறிய கடன்’ என்ற முத்திரை அறிக்கையிலிருந்து எடுக்கப்படும். ஆயினும், அந்நிலைக்கு வருமுன் தாமதமான மாதங்களின் குறிப்புகள் எடுக்கப்படமாட்டா. அவை ஏழாண்டுகள் வரை நிற்கும். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலுங்கூட, முத்திரை நீங்குமேயன்றி வரலாறு முழுவதும் நீங்குவதில்லை. நம் நாட்டில் அத்தகைய தனி ஏற்பாடு கிடையாது. ஒழுங்காகக் கட்டும் மாதங்களே இங்கு மருந்து.

கிறிப் பணியகத்தில் கறுப்புப் பட்டியல் ஒன்று இருப்பதாகவும், அதில் பெயர் ஏறினால் ஆயுள் முழுவதும் கடன் கிடையாதென்றும் பலர் அஞ்சுகின்றனர். இது தவறான எண்ணம். ஒழுங்காகக் கட்டியதும் அந்த அறிக்கையிலே உண்டு, தவறியதும் உண்டு. கடன் கொடுப்பதா, மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கியேயன்றிப் பணியகம் அன்று. இந்த அச்சத்தைப் பயன்படுத்திப் பணம் பறிப்போரிடம் எச்சரிக்கை தேவை. “பெயரை எடுத்துத் தருகின்றோம், இவ்வளவு கொடுங்கள்” என்று எவரேனும் வந்தால் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். உண்மையான பதிவை இடைத்தரகர் எவராலும் அழிக்க இயலாது.

பிழையான பதிவாயின் திருத்தலாம். தம் அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்க்கும் வசதி ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டிருந்தால், பற்றுச்சீட்டுகளுடன் கடன் தந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்திலே அறிவிக்கவேண்டும். ஆதலின், கட்டிய ஒவ்வொரு சீட்டையும் பிறப்புச் சான்றிதழைப் போல் பாதுகாத்தல் நலம். கடன் முடிந்ததும், ‘முழுவதும் தீர்ந்தது’ என்று வங்கியிடம் கடிதம் கேட்டு வாங்கி வைப்பது அதனினும் நலம்.

மலைநாட்டுக்கே உரிய மற்றொரு இடரும் உண்டு. லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில், கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறிச் சேரவேண்டும். வங்கி அனுப்பிய நினைவூட்டல் சேரவே இல்லையெனில், கட்டக்கூடியவரும் தவறியவராகிவிடுவார். ஆகவே, கடன் பெற்ற மாணவர் தொலைபேசி எண்ணை மாற்றினாலும், வேலைக்காகக் கொழும்புக்குச் சென்றாலும், அதை வங்கிக்கு அறிவித்தல் முதற் கடமையாகும். வேலை கிடைக்கவில்லையா? தவணை தவறுவதற்கு முன்பே வங்கி முகாமையாளரைக் கண்டு பேசுங்கள். முன்கூட்டி வந்து நிலைமையைச் சொல்பவருக்கு வழிகள் பல. மறைந்து திரிபவருக்கு வழி குறைவு. பிணை நின்ற பெற்றோரிடமும் ஒளிக்கவேண்டாம். வெட்கத்தால் மறைத்த ஐந்து மாதம் ஐந்தாண்டுத் துன்பமாக வளர்ந்துவிடக்கூடும்.

நம் முன்னோர் கையிலே கொடுக்கப்பட்ட துண்டைத் துரையே எழுதினார். அதிலுள்ள தொகையை மறுத்துரைக்க அவர்களுக்கு வாயில்லை. இன்றைய அறிக்கையோ நாமும் வாசிக்கக்கூடியது, பிழையெனில் மறுக்கக்கூடியது. அதன் அடுத்த வரியை எழுதுவது நாம் கட்டும் அடுத்த தவணைதான். கடன்பட்டுப் படித்தது குற்றமன்று. தவறியதும் தீராப் பழியன்று. இன்று கட்டும் ஒரு தவணை, நாளை தம்பியின் வண்டிக்கும் தங்கையின் படிப்புக்கும் பெற்றோரின் சொந்த வீட்டுக்கும் கதவைத் திறந்துவிடும். இதை உணர்ந்து நம் இளைஞர்கள் நடப்பார்களாக!