முத்துக்குளித்தலும் சுவாச மண்டலமும்

மூச்சடக்கி மூழ்குதல் என்பது காற்றுக் கருவி எதுவுமின்றி, ஒரே மூச்சில் உள்ளிழுத்த காற்றைக் கொண்டு நீருக்கடியில் செல்வதாகும். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியை அடுத்த கடலில், முத்துச் சிப்பியும் சங்கும் பல நூற்றாண்டுகளாக இம்முறையில் எடுக்கப்பட்டன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ தம் பயண நூலில் முத்துக்குளிப்பை விவரித்துள்ளார். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. சுவாச மண்டலத்தின் இயக்கத்தையும் அது தொடர்பான மருத்துவச் சொற்களையும் இத்தொழிலைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

காற்று செல்லும் வழி

மூக்கு வழியே நுழையும் காற்று தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் ஆகியவற்றைக் கடந்து, இரு மூச்சுக்கிளைக்குழல்களாகப் பிரிந்து நுரையீரல்களை அடைகிறது. அங்கே குழல்கள் மரக்கிளைகள் போல மேலும் மேலும் பிரிந்து காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. இரு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. இவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழிறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. மேலெழும்போது வெளியே செல்கிறது.

சொற்களைப் பிரித்தறிதல்

சுவாசம் தொடர்பான மருத்துவச் சொற்கள் பல கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. முன்னொட்டையும் பின்னொட்டையும் பிரித்தால் பொருள் விளங்கும். 'ப்னியா' என்றால் சுவாசம்.

- அப்னியா: மூச்சு நின்றிருத்தல். 'அநீதி' என்பதில் உள்ள 'அ' போலவே இங்கும் 'அ' இன்மையைக் குறிக்கிறது.
- டிஸ்ப்னியா: மூச்சுத்திணறல். 'டிஸ்' என்பது சிரமம்.
- டாக்கிப்னியா: வேகமான சுவாசம்.
- பிராடிப்னியா: மெதுவான சுவாசம்.
- ஹைப்பாக்சியா: உடல் திசுக்களில் ஆக்சிஜன் குறைவு. 'ஹைப்போ' என்பது குறைவு.
- ஹைப்பர்கேப்னியா: இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி. 'ஹைப்பர்' என்பது மிகுதி. 'கேப்னோஸ்' என்பது கிரேக்கத்தில் புகை.

கடைசி இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுவதுண்டு. நீருக்கடியில் இவற்றின் வேறுபாடு உயிர் காக்கும் செய்தியாகும்.

மூச்சு முட்டுவது ஏன்?

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் 'இனி முடியாது' என்ற தவிப்பு எழுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதே காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதை உணர்ந்தே மூளையின் முகுளம் அந்த உந்துதலை எழுப்புகிறது. அதாவது ஹைப்பர்கேப்னியா எச்சரிக்கை மணி அடிக்கும். ஹைப்பாக்சியா ஓசையின்றி வரும்.

மூழ்குவதற்கு முன் பலமுறை வேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்ற எண்ணம் உண்டு. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்திருப்பதால், இப்படிச் செய்வதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு மட்டுமே குறையும். அதனால் எச்சரிக்கை தாமதமாகிறது. மேலே வரும்போது நீரழுத்தம் குறைய, நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென்று குறைந்து, தவிப்பே தோன்றாமல் நினைவு தப்பிவிடலாம். நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பந்தயம் வைக்கும் மாணவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆழமும் நுரையீரலும்

கடல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் 2. 20 மீட்டரில் 3. மேலே 6 லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். மூச்சடக்கிக் குளிப்பவர் மேலே வரும்போது அது மீண்டும் 6 லிட்டராக விரியும். அதற்கு மேல் விரியாது.

படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்றுச் சங்கு எடுப்பவரின் நிலை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அவர் 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது 12 லிட்டராக விரிய முயலும், நுரையீரல் கிழியக்கூடும். மார்புக்கூட்டில் இப்படிக் காற்று புகுந்து நிற்பது 'நியூமோதோராக்ஸ்' எனப்படும். ('நியூமோ' காற்று, 'தோராக்ஸ்' மார்பு.) எனவே இவர் மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக ஏற வேண்டும். விரைந்து ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுவலி, பக்கவாதம் போன்ற கேடுகளைத் தரும். எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் புகுந்தால், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணையும் கார்பன் மோனாக்சைடு உடலில் சேரும்.

பாதுகாப்பு

பழைய முத்துக்குளிப்பில் ஒரு கல்லுக்கு இருவர் என்ற முறை இருந்தது. கல்லின் எடையால் ஒருவர் கீழிறங்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பார்; படகிலிருப்பவர் கயிற்றைப் பிடித்துக் கவனித்திருப்பார். போதிய ஓய்வும், மேலிருந்து கவனிக்க ஓர் ஆளும் இன்றைக்கும் தேவையானவை. தனியாக மூழ்குவதையும், மூழ்குமுன் வேகமாக மூச்சிரைப்பதையும் தவிர்க்க வேண்டும். மேலே வந்தபின் மார்புவலி, மூச்சுத்திணறல், கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல் இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.