கம்ப்யூட்டருக்குள் ஒரு வாசல் அறை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையை நினைத்துப் பாருங்கள். வெளியூர் லாரிக்காரர் கேட்பதெல்லாம் வாசல் அறையிலேயே கிடைத்துவிட்டால், அவர் ஆலைக்குள் போக வேண்டியதில்லை அல்லவா?

கம்ப்யூட்டரிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே எல்லா வேலைகளையும் நடத்தும் மூலப் புரோகிராமுக்குக் "கெர்னல்" என்று பெயர். ஒரே கம்ப்யூட்டரில் பலருடைய புரோகிராம்கள் ஓடும். கெர்னலோ ஒன்றுதான். அதில் ஓட்டை விழுந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து! "லினக்ஸ்" கெர்னலில் 2007 முதல் இருந்த ஓர் ஓட்டை 2016-ல்தான் அடைக்கப்பட்டது.

2018-ல் கூகுள் நிறுவனம் "ஜிவைசர்" என்பதை வெளியிட்டது. இது வெளியார் புரோகிராமுக்கென்றே உள்ள தனிக் கெர்னல். கேட்பதைப் பெரும்பாலும் தானே செய்து கொடுக்கும். லினக்ஸிடம் சில வேலைகளுக்கு மட்டுமே போகும்.

இதில் பெரிய வேலை நெட்வொர்க். செய்தியைத் துண்டுகளாக்க வேண்டும். வரிசை எண் போட வேண்டும். வழியில் தொலைந்ததை மறுபடி அனுப்ப வேண்டும். இவ்வளவையும் "கோ" மொழியில் தனியாக எழுதியிருக்கிறார்கள். அந்த மொழியில் நினைவகத்தில் எல்லை மீறும் தவறுகள் குறைவு.

ஆனால் வேகம் குறையும். பொறுக்க முடியாதவர்கள் லினக்ஸின் நெட்வொர்க்கையே பயன்படுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். அப்போது காவலும் சற்றுத் தளரும்.